குடியை விட்ட பிறகு எந்தக் குழு? காரைக்குடி வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு ஒப்பீடு

ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்து, கை நடுக்கம் நின்று, சோறு இறங்க ஆரம்பித்து வீட்டுக்கு வந்தாயிற்று. அடுத்து என்ன செய்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். "ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகச் சொல்றாங்க, நம்ம பக்கம் இருக்கா?" "அதுக்காக வாரா வாரம் மதுரை போக முடியுமா?" "மாலை போட்டா போதாதா?" "போன்லயே கூட்டம் நடக்குதாமே?" காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல், திருப்பத்தூர் பக்கத்துக் குடும்பங்களின் கேள்விகள் பெரும்பாலும் இந்த நான்குக்குள் அடங்கிவிடும். ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த விரும்புபவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசும் குழு.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெயர் பெற்ற குழு எது என்று தேட வேண்டாம். ஓராண்டுக்கு, வாரம் தவறாமல், உங்களால் போய்த் திரும்ப முடிகிற குழு எது என்று தேடுங்கள். சென்னையில் இருப்பவருக்கு நான்கு கூட்டங்களில் பிடித்ததைப் பொறுக்கும் வசதி உண்டு. இங்கே தூரமும் கடைசிப் பேருந்தும் "யாராவது பார்த்துடுவாங்களோ" என்ற பயமும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. அந்த மூன்றையும் கணக்கில் எடுக்காமல் சேர்ந்தவர் மூன்றாவது வாரமே நின்றுவிடுவார். நின்றதற்குத் தன் மனத்திடம் போதவில்லை என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வார். பல நேரம் தப்பு அவர் மேல் இல்லை, தேர்வில் இருக்கிறது.

## குழுவுக்கு முன்னால் உடம்பு

தினமும் குடிப்பவர், காலையில் எழுந்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கிறது என்கிறவர், எந்தக் குழுவை நம்பியும் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இல்லாத ஆளிடம் பேசுவது, பூச்சி ஊர்கிறதென்று வேட்டியைத் தட்டுவது, இது எந்த ஊர், என்ன கிழமை என்று தெரியாமல் போவது போன்ற சன்னி நிலை இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் வரும். சிகிச்சை இல்லாவிட்டால் இதில் உயிர் போகும். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் 108.

ஏற்கெனவே ஒருமுறை வலிப்பு வந்தவர், கல்லீரல் கோளாறு, சர்க்கரை, இதய நோய் உள்ளவர் ஆகியோர் உள்நோயாளியாகச் சேர்ந்து நிறுத்துவதே பாதுகாப்பு. மருத்துவர் நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து, சில நாளில் படிப்படியாகக் குறைப்பார். கூடவே தயமின் என்ற பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார். வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை: "மயக்கமா இருக்கார், ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகும்போது, அவர் குடிப்பவர் என்பதை மறைக்காதீர்கள். தயமின் குறைந்திருக்கும் உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளைக்குச் சேதம் கூடலாம். அதைத் தெரிந்தால்தான் மருத்துவர் ஊசியைச் சேர்த்துப் போடுவார்.

இந்தக் கட்டம் தாண்டிய பிறகுதான் கீழே உள்ள ஒப்பீடு.

## எதை வைத்து அளப்பது

போய்த் திரும்பும் நேரம். காரைக்குடியிலிருந்து தேவகோட்டையும் திருப்பத்தூரும் ஏறக்குறைய இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். புதுக்கோட்டையும் சிவகங்கையும் நாற்பது, ஐம்பது. மதுரையும் திருச்சியும் தொண்ணூறை ஒட்டி. ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு மதுரை போய்வர அரை நாளுக்கு மேல் ஆகும். கூட்டம் இரவு எட்டரைக்கு முடிந்தால், பெரிய ஊரிலிருந்து காரைக்குடி வரை வண்டி கிடைத்துவிடும். அங்கிருந்து உங்கள் கிராமத்துக்கு டவுன் பஸ் இருக்குமா? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எந்தக் கிழமை, எத்தனை மணி. டாஸ்மாக் கடை பகல் 12 முதல் இரவு 10 வரை. கொத்தனார், ஆத்தங்குடிப் பூக்கல் போடுபவர், மரவேலைக்காரர் எல்லாருக்கும் சனிக்கிழமை கூலி கைக்கு வரும். ஒருவருக்கு ஆபத்தான வேளை சனி மாலை ஆறு மணி என்றால், அவருக்கு ஞாயிறு காலை பத்து மணிக் கூட்டத்தைவிடச் சனி மாலைக் கூட்டம் இரண்டு மடங்கு பயன்.

மறைவு. இந்த வட்டாரத்தில் ஒருவரைப் பார்த்ததும் "நீங்க யார் வீடு?" என்று கேட்பது வழக்கம். கேட்டவர் ஐந்து நிமிடத்தில் உங்கள் பெரியப்பாவையும் அத்தானையும் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே "பெயர் வெளியே போகாது" என்ற வாக்கு மட்டும் போதாது. கூட்டம் நடக்கும் கட்டடத்துக்குள் நுழைவதை யார் பார்ப்பார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

மறைசெலவு. பேருந்து, டீ, விட்டுப்போன அரை நாள் கூலி, கூட வரும் மனைவியின் ஒரு நாள்.

மருந்து பற்றிய நிலை. குடி ஆசையைக் குறைக்கும் மாத்திரையோ மனச்சோர்வு மாத்திரையோ சாப்பிடுபவரைக் குழு எப்படி நடத்துகிறது?

இரவு ஏழு மணிக்குப் போனை எடுக்கும் ஆள். கூட்டம் வாரம் ஒருமுறை. ஆசை எழுவது எந்த நாளும். "அண்ணே, மனசு சரியில்லை" என்று சொன்னால் பத்து நிமிடம் பேசும் ஒருவர் அந்தக் குழுவில் கிடைப்பாரா? எங்களைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக மதிப்பெண்.

## ஒரே பார்வையில்

| | ஏ.ஏ. நேரடிக் கூட்டம் | அரசு மருத்துவமனை | மறுவாழ்வு மையத்தின் தொடர் கூட்டம் | போன் வழிக் கூட்டம் | மாலை, கயிறு, ஜெபக் குழு |
|---|---|---|---|---|---|
| கட்டணம் | இல்லை. விருப்பக் காணிக்கை | இல்லை | அங்கே தங்கியவருக்குப் பெரும்பாலும் இல்லை | டேட்டா மட்டும் | இடத்துக்கு இடம் மாறும் |
| மறைசெலவு | பயணம், இரவுத் திரும்பல் | காலை வேலை நேரம், கூலி | தூரம், கூட வருபவர் செலவு | தனியறை, இயர்போன் | விரதம் முடிந்த பின் வரும் வெற்றிடம் |
| மறைவு | முதல் பெயர் போதும் | சட்டப்படி ரகசியம். வரிசையில் எல்லாரும் பார்ப்பார்கள் | ஓரளவு | மிக அதிகம் | கிட்டத்தட்ட இல்லை |
| மருந்து | மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும் | அங்கேயே கிடைக்கும் | மையத்தைப் பொறுத்தது | நேரடிக் கூட்டம் போலவே | கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் |
| அழைக்க ஆள் | உண்டு | அலுவல் நேரத்தில் மட்டும் | ஆலோசகர், பழைய தோழர் | உண்டு | ஊரைப் பொறுத்தது |

## ஏ.ஏ. நேரடிக் கூட்டம்

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக இருந்ததில் தொடங்கியது. உறுப்பினராவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். பதிவேடு இல்லை, கட்டணம் இல்லை. கூட்டத்தின் நடுவே ஒரு பை சுற்றி வரும். முடிந்தவர் பத்தோ இருபதோ போடலாம், போடாமலும் இருக்கலாம். வெளியார் நன்கொடையை வாங்குவதில்லை என்பது அவர்களின் விதி.

கூட்டம் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். ஒருவர் தன் குடிக் காலத்தையும் நிறுத்திய விதத்தையும் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள். இடையில் புகுந்து அறிவுரை சொல்வதில்லை. புதியவர் பேசியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. "இன்று கேட்டுக்கொள்கிறேன்" என்று சொன்னால் போதும். இதைத் தெரியாமல், "எல்லார் முன்னாடியும் நின்னு என்னத்தைச் சொல்றது" என்ற கூச்சத்திலேயே வாசலோடு திரும்பியவர்கள் நிறைய. திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று இரண்டு வகை உண்டு. திறந்ததற்கு மனைவியோ அண்ணனோ கூட வரலாம். மூடியது குடியை நிறுத்த விரும்புபவருக்கு மட்டும். குடும்பத்தோடு போவதாக இருந்தால் எந்த வகை என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

பலன் இருக்கிறதா? 2020-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் சேர்த்துப் பார்த்தது. முறைப்படி ஏ.ஏ.வின் பன்னிரண்டு படி வழிக்குக் கொண்டுவரப்பட்டவர்களில், ஓராண்டு முடிவில் முழுக்கக் குடிக்காமல் இருந்தவர்கள் 100-க்கு 42 பேர் அளவில். வேறு சிகிச்சை முறைகளில் இருந்தவர்களில் 35 பேர் அளவில். இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்தவை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இந்த எண்ணில் இன்னொரு செய்தியும் இருக்கிறது: நல்ல முறையிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஓராண்டுக்குள் ஒரு முறையாவது குடித்திருக்கிறார்கள். வழுக்கி விழுவது இந்த நோயின் போக்கில் உள்ளது. அதை மானக்கேடாக எடுத்துக்கொண்டு கூட்டத்தையே நிறுத்துவதுதான் ஆளைக் கெடுக்கும்.

தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. முதலாவது மருந்து. சில ஊர்க் கூட்டங்களில் மூத்த உறுப்பினர் ஒருவர், "மாத்திரையும் ஒரு போதைதாம்ப்பா, அதையும் விடு" என்பார். அது ஏ.ஏ.வின் கொள்கை அல்ல. மருந்து விஷயத்தை மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும் என்றே அவர்களின் வெளியீடுகள் சொல்கின்றன. அந்தப் பேச்சைக் கேட்டு மனநல மாத்திரையைத் திடீரென நிறுத்தியவர் மோசமாக விழுவார். இரண்டாவது, கடவுள் என்ற சொல். பன்னிரண்டு படிகளில் அது வருகிறது; அவரவர் உணர்ந்தபடியான கடவுள் என்றுதான் வருகிறது. நம்பிக்கை இல்லாத பலர் குழுவையே தங்களைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்டு தொடர்கிறார்கள். அதுவும் ஒட்டவில்லை என்றால் மருத்துவமனைக் குழு உங்களுக்குப் பொருத்தம். மூன்றாவது, ஸ்பான்சர். வழிகாட்டியாக இருக்கும் மூத்த உறுப்பினரைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம். உறவினரையோ, நீங்கள் வேலை பார்க்கும் முதலாளியின் பங்காளியையோ எடுக்காதீர்கள். பணம் கேட்கும் ஸ்பான்சரை அன்றே மாற்றுங்கள்.

*யாருக்கு ஏற்றது:* ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கூட்டம் இருப்பவருக்கு. தனிமையில் குடித்துப் பழகியவருக்கு. பழைய குடிச் சேக்காளிகளைத் தவிர வேறு நண்பர் இல்லாதவருக்கு.

## அரசு மருத்துவமனை

பலர் கடைசியாகப் போகும் இடம் இது. முதலில் போக வேண்டியதும் இதுதான். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவர் அரசு மருத்துவமனைகளில் குறிப்பிட்ட நாட்களில் பார்ப்பார். சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. 2025-இல் தமிழ்நாடு அரசு 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. உங்களுக்கு அருகில் எது, மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்பதை 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலோ மருத்துவமனையின் விசாரணைப் பகுதியிலோ கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கிழமை தெரியாமல் போய், "டாக்டர் நாளைக்குத்தான்" என்ற பதிலோடு திரும்பி, வழியிலேயே கடைக்குள் நுழைந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

இங்கே கிடைக்கும் பெரிய நன்மை மருந்து. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட், டைசல்ஃபிராம் என்று மூன்று மருந்துகள் பரவலாகப் பயன்படுகின்றன. யாருக்கு எது என்பதைக் கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். டைசல்ஃபிராம் சாப்பிடுபவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு எல்லாம் வரும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அந்த விளைவு நீடிக்கும். "சாப்பாட்டுல கலந்து குடுங்க, தெரியாமலே குடியை விட்டுடுவார்" என்று விற்கப்படும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சம்மதமில்லாமல் எதையும் குழம்பில் கலக்காதீர்கள். அவர் வழக்கம்போல் குடிப்பார், உடம்பு தாங்காமல் போகலாம்.

குறை என்னவென்றால், குழு என்ற அளவில் இது பலவீனம். மருத்துவக் கல்லூரிகளில் வாரம் ஒருமுறை குழு ஆலோசனை நடப்பதுண்டு. சிறிய மருத்துவமனைகளில் மருந்தும் ஐந்து நிமிடப் பேச்சும்தான். காலை வெளிநோயாளி நேரத்தில் போக வேண்டியிருப்பதால் தினக்கூலிக்காரருக்கு அன்றைய வேலை போய்விடும். இரவில் அழைக்க ஆள் இல்லை. ஆகவே இதைத் தனியாக நம்பாமல், வேறொரு குழுவோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

*யாருக்கு ஏற்றது:* எல்லாருக்கும், முதல் மூன்று மாதம். குடியோடு மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், சந்தேக நோய் உள்ளவருக்குக் கட்டாயம். அந்த எண்ணம் வந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

## மறுவாழ்வு மையத்தின் தொடர் கூட்டம்

ஒரு மாதம் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களை, அதே மையம் மாதம் ஒருமுறை அழைத்துப் பேசுவது இந்த வகை. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் உதவியில் நடக்கும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்களில் சிகிச்சை இலவசம். அருகில் இருப்பதை 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். கூடத் தங்கியவர்களோடு உண்டாகும் நெருக்கம் உறவைப் போல நிற்கும் என்பது இதன் பலம். மாதம் ஒருமுறை என்பது பலவீனம். முதல் மூன்று மாதத்துக்கு அது போதவே போதாது.

தனியார் மையங்களில் கவனம் தேவை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் குடிநோயையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது. கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. ராத்திரியில் நான்கு பேர் வேனில் வந்து தூக்கிப் போவதை மையத்தின் "சேவை"யாகச் சொல்லி முன்பணம் கேட்டால், போனை வைத்துவிடுங்கள். மூன்று மாதம் அடைபட்டு, அடிபட்டு வந்தவர் வெளியே வந்த அன்று வீட்டின் மேல் உள்ள கோபத்திலேயே குடிப்பார். கேட்க வேண்டிய கேள்விகள்: பதிவுச் சான்று காட்டுவீர்களா? மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? மனைவி எப்போது வந்து பார்க்கலாம்? மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் தனிப் பணமா? வீடு திரும்பிய பிறகு எத்தனை மாதம் தொடர்பில் இருப்பீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் சொல்லாத மையம் வேண்டாம்.

*யாருக்கு ஏற்றது:* இரண்டு மூன்று முறை முயன்று விழுந்தவருக்கு. வீடே குடிக்கும் இடமாக இருப்பவருக்கு.

## போன் வழிக் கூட்டம்

கொரோனாவுக்குப் பிறகு பரவிய வழி. தமிழிலேயே நடக்கும் ஏ.ஏ. கூட்டங்கள் ஜூமில் இருக்கின்றன. கேமராவை அணைத்து வைக்கலாம், திரையில் பெயரை மாற்றிக்கொள்ளலாம். "யார் வீடு" என்று கேட்க யாரும் இல்லை. சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ இரண்டு மாத விடுப்பில் வந்தவருக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஊரில் தொடங்கிய கூட்டத்தைத் திரும்பிப் போன இடத்திலும் தொடரலாம். முகூர்த்த மாதங்களில் ஊர் ஊராகப் போகும் சமையல் மாஸ்டருக்கும் அப்படியே.

இதில் ஆட்கள் கவனிக்காமல் விடும் ஒன்று வாட்ஸாப் குழு. கூட்டத்தின் இணைப்பு அதில்தான் வரும். சேர்ந்த உடனே உங்கள் எண்ணும், முகப்புப் படமும், சில நேரம் பெயரும் எல்லாருக்கும் தெரியும். கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்தை முகப்பில் வைத்திருந்தால் மறைவு போயிற்று. தனி சிம் எடுங்கள். அல்லது இணைப்பைத் தனியாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், அனுப்புவார்கள்.

இன்னொன்று இடம். பெரிய வீடென்றால் இரண்டாங்கட்டிலோ மாடியிலோ உட்காரலாம். இரண்டு அறை வீட்டில், பிள்ளைகள் படிக்கும்போது, ஒன்றரை மணி நேரம் எங்கே உட்காருவது? இயர்போன் போட்டுக்கொண்டு கேட்கலாம், பேச முடியாது. பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பவர் மெல்ல மெல்லத் தொலைந்துபோவார். வாரத்தில் ஒரு கூட்டமாவது ஊருணிக் கரையிலோ ஆளில்லாத இடத்திலோ உட்கார்ந்து வாய் திறந்து பேசுங்கள்.

*யாருக்கு ஏற்றது:* அருகில் நேரடிக் கூட்டம் இல்லாதவருக்கு, அடையாளம் தெரிவதை அஞ்சுபவருக்கு, பெண்களுக்கு. குடிப்பழக்கத்தில் சிக்கிய பெண்கள் ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார்கள். பெண்களுக்கு மட்டுமான கூட்டங்களும் இணையத்தில் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

## மாலை, கயிறு, ஜெபக் குழு

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட நாங்கள் தயாரில்லை. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டவர் ஒரு மண்டலம் தொடாமல் இருக்கிறார். அவரை "சாமி" என்று அழைத்து ஊரே காக்கிறது. குடிச் சேக்காளிகள் ஊற்றிக் கொடுக்க மாட்டார்கள். மாலையில் பஜனைக்குக் கூட ஆள் இருக்கிறது. ஒரு நல்ல குழு செய்கிற வேலை எல்லாம் இதில் இருக்கிறது. குலதெய்வத்தின் முன் கயிறு கட்டிச் சத்தியம் செய்வதும், தேவாலய ஜெபக் குழுவும், ஜமாத் பெரியவரின் கண்டிப்பும் இப்படித்தான் வேலை செய்கின்றன.

இரண்டு ஓட்டைகள். முதல் ஓட்டை உடம்பு. தினமும் குடித்தவர் முதல் நாள் இரவு வரை குடித்துவிட்டு, விடிந்ததும் குளித்து மாலை போட்டால், வலிப்புக்கும் சன்னிக்கும் உரிய அந்த நான்கு நாட்களும் விரதத்தின் முதல் நான்கு நாட்களாகிவிடும். "சாமி வந்திருக்கு" என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆள் கைவிட்டுப் போய்விடுவார். ஐப்பசி நடுவிலேயே மருத்துவரைப் பார்த்து, மருந்தோடு நிறுத்திவிட்டு, கார்த்திகையில் மாலை போடுங்கள். அப்போது விரதமும் நிற்கும்.

இரண்டாவது ஓட்டை, மாலையைக் கழற்றிய மறுநாள். மலையேறி வந்து மாலை கழற்றும்போது மார்கழிக் கடைசி அல்லது தை பிறந்திருக்கும். பொங்கல், மஞ்சுவிரட்டு, வெளிநாட்டிலிருந்து வந்த பங்காளிகள் கொண்டுவந்த பாட்டில். ஒன்றரை மாதம் நின்ற உடம்பு பழைய அளவைத் தாங்காது. மாலை போட்டிருக்கும்போதே, அந்த மன உறுதி இருக்கும்போதே, ஏ.ஏ. கூட்டத்துக்கோ போன் வழிக் கூட்டத்துக்கோ போக ஆரம்பித்துவிட்டால், கழற்றும் நாளில் கையில் பிடிக்க ஒன்று இருக்கும். இந்த வட்டாரத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எங்களுக்குத் தெரியவில்லை.

## எதுவுமே அருகில் இல்லை என்றால்

இரண்டு பேர் போதும், குழு தொடங்கிவிடலாம். குறைந்தது ஓராண்டு குடிக்காமல் இருப்பவர் ஒருவராவது இருப்பது நல்லது. வீட்டில் வைக்காதீர்கள், டியூஷன் நடக்கும் கட்டடம், பள்ளி அறை, சங்கக் கட்டடம் போல வேறு காரணத்துக்காகவும் ஆட்கள் வந்து போகும் இடமாகப் பாருங்கள். நாளும் மணியும் மாறக் கூடாது. ஒருவர் மட்டும் வந்தாலும் கதவைத் திறந்து அறுபது நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்த ஊர்ப் பக்கம் குழுக்களை உடைப்பது பெரும்பாலும் கொடுக்கல் வாங்கல்தான். கைமாற்று, சீட்டு, ஜாமீன் எதுவும் உறுப்பினர்களுக்குள் இருக்கக் கூடாது. கடன் வாங்கியவர் கொடுத்தவர் முகத்தைப் பார்க்கக் கூசி, கூட்டத்துக்கு வருவதை நிறுத்துவார். அடுத்த வாரம் குடித்திருப்பார். சாதிச் சங்கப் பேச்சும் கட்சிப் பேச்சும் வாசலுக்கு வெளியே.

## வீட்டாருக்குத் தனிக் குழு

குடிப்பவர் எந்தக் குழுவிலும் சேர மறுத்தாலும், மனைவியோ தாயோ அல்-அனான் கூட்டத்தில் சேரலாம். 1951-இல் தொடங்கிய இது குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கானது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் என்று தனியே உண்டு. "அவர் திருந்தட்டும், பிறகு நான் போறேன்" என்று காத்திருக்க வேண்டாம். பாட்டிலை ஒளித்து வைப்பது, அவருக்காக முதலாளியிடம் பொய் சொல்வது, கடனை அடைப்பது போன்றவற்றில் எதை நிறுத்தலாம், எப்படி நிறுத்தலாம் என்பதை இதே பாடு பட்ட இன்னொரு பெண்ணிடம்தான் கற்க முடியும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குப் பயணம் இலவசம் என்பதால், அருகில் கூட்டம் இருந்தால் பேருந்துச் செலவும் இல்லை. அடி உதை இருக்கும் வீடென்றால் குழு பிறகு, முதலில் 181, பெண்களுக்கான உதவி எண்.

## தேடுவதும் சோதித்துப் பார்ப்பதும்

ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்தில் கூட்டங்களின் விவரம் இருக்கும். பட்டியலை நம்பி நேரே கிளம்பாதீர்கள். கட்டடம் மாறியிருக்கும், கிழமை மாறியிருக்கும். போன் செய்து இப்படிக் கேட்டால் போதும்: "வணக்கம்ண்ணே. நான் குடியை நிறுத்தணும்னு இருக்கேன். காரைக்குடிப் பக்கம். இந்த வாரம் கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு? வாசல்ல யாரைப் பார்க்கணும்?" பெயர் சொல்ல வேண்டியதில்லை. எதிர்முனையில் இருப்பவரும் ஒரு நாள் இதே கேள்வியைக் கேட்டவர்தான்.

சொந்த ஊரில் முகம் தெரிந்துவிடும் என்று தோன்றினால், காரைக்குடிக்காரர் தேவகோட்டையிலோ புதுக்கோட்டையிலோ தேடலாம். அதற்கு மேல் தூரம் போகாதீர்கள். மறைவுக்காக மதுரையைத் தேர்ந்தெடுத்தவர் மழை நாளில் நின்றுவிடுவார். முதல் கூட்டத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். நான்கு வாரம் போய்ப் பாருங்கள். நான்காவது வாரம் முடிவில் உங்கள் போனில் இரண்டு உறுப்பினர்களின் எண்களாவது இருந்து, அதில் ஒன்றை ஒருமுறையாவது கூப்பிட்டிருந்தால், அந்தக் குழு உங்களுக்கு ஒட்டிவிட்டது. இல்லை என்றால் வேறு குழுவுக்கு மாறுங்கள். யாரிடமும் விடை கேட்க வேண்டியதில்லை.

காரைக்குடி வட்டாரத்தில் பெரும்பாலானவர்களுக்கு நாங்கள் சொல்லும் கூட்டு இதுதான்: மருந்துக்கு அரசு மருத்துவமனை, வாரத்தில் மூன்று நாள் போன் வழிக் கூட்டம், மாதத்தில் இரண்டு முறையாவது எட்டும் தூரத்தில் ஒரு நேரடிக் கூட்டம், வீட்டாருக்கு அல்-அனான். நேரடிக் கூட்டம் சைக்கிள் தூரத்தில் இருப்பவர் அதையே முதலாக வைத்துக்கொள்ளலாம்.

நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டால், மறுநாள் அதே எண்ணைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். குடித்தது ஒரு நாளோடு நிற்காமல் ஒரு வாரம் பத்து நாள் என்று ஓடி, காலையில் கை மறுபடி நடுங்கத் தொடங்கியிருந்தால், கூட்டத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி.